கம்பி மாற்றினால் கித்தார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

"டீச்சர், பிக்கப் போயிருச்சு. ட்ரெமலோவும் போயிருச்சு. ரெண்டையும் மாத்தணுமாம்."

ஆசிரியர் தினக் கொண்டாட்டத்திற்கு இரண்டு வாரம் இருந்தது. மேருவில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்துக்குப் படிவம் 4 மாணவன் ஒருவன் கித்தார் பையோடு வந்து நின்றான். கித்தார் அவன் அண்ணனுடையது. மூன்று பிக்கப்பும், ஒலியை ஆட்டுவதற்கான கைப்பிடியும் கொண்ட ஸ்ட்ராடோகாஸ்டர் வகை. அண்ணன் ஜோகூருக்கு வேலைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போனது. நிகழ்ச்சியில் ஆலிகேட்ஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றை வாசிப்பதாக ஏற்பாடு. அதற்காக ஒரு கடையில் கொடுத்துப் புதுக் கம்பி போட்டு, 'செட்டப்' செய்து வாங்கி வந்திருக்கிறான். வாங்கி வந்த அன்றே மூன்று தொல்லைகள். தடித்த கம்பியை மேல் ஃபிரெட்டில் அழுத்தினால் ஒரே சுரம் இரண்டாகக் கேட்டு அலைபாய்கிறது. கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டால் சுருதி திரும்பி வருவதில்லை. போதாக்குறைக்கு, முன்பு இல்லாத அளவுக்கு ஆம்ப்ளிஃபையர் உறுமுகிறது.

பழக்கப்பட்ட யாரோ ஒருவர் பிக்கப்பையும் ட்ரெமலோவையும் மாற்றச் சொல்லி, நானூறு ரிங்கிட் ஆகும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். பையனின் அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். நானூறு ரிங்கிட் என்பது அந்த வீட்டில் சின்ன விஷயமல்ல.

எனக்குக் கித்தாரில் நான்கு கார்டுதான் தெரியும். ஆனால் இந்தப் பிரச்சினை அறிவியல் கூடத்துக்கு உரியது என்று அவன் பேசி முடிப்பதற்குள்ளாகவே தோன்றியது. தொடக்கப்பள்ளியிலேயே நாம் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படிக்கிறோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைப் பாதித்தது என்று சொல்ல முடியும். செட்டப் என்பது இதற்கு நேர்மாறான வேலை. கம்பியின் தடிமன், அதன் உயரம், பின்னால் உள்ள சுருள்வில்லின் இழுப்பு எல்லாம் ஒரே மதியத்தில் மாறிவிடுகின்றன. நேற்றுவரை நன்றாக இருந்த பொருள், செட்டப்புக்கு மறுநாள் மூன்று இடத்தில் கெட்டுப்போனதாகத் தெரிந்தால், மூன்று பாகங்கள் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நம்புவதைவிட, மாற்றப்பட்டவை எவை என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

காந்தம் கம்பியைக் கேட்கிறது, இழுக்கவும் செய்கிறது

மின் கித்தாரில் மைக் கிடையாது. பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த 'அல்நிக்கோ' காந்தத் துண்டுகள் ஆறு, கம்பிக்கு ஒன்றாக நிற்கும். அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பி சுமார் 8,000 சுற்று சுற்றப்பட்டிருக்கும். காந்தம் தனக்கு மேலே உள்ள எஃகுக் கம்பியையும் சிறு காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி அதிரும்போது சுருளுக்குள் செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த, நாம் படிவம் 5 இயற்பியலில் படிக்கிற அதே மின்காந்தத் தூண்டல். ஒரு கம்பியை நன்றாகத் தட்டினால் கிடைப்பது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி வேலையை ஆம்ப்ளிஃபையர் செய்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற அமெரிக்கர் இதைக் கித்தாரில் பொருத்தினார். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பிக்கப்புகள் அடிப்படையில் அதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.

இதிலிருந்து ஓர் எளிய உண்மை கிடைக்கிறது. கம்பி காந்தத்துக்கு வசப்படும் உலோகமாக இருக்க வேண்டும். பித்தளையும் வெண்கலமும் வசப்படா. சாதாரண மரக் கித்தாருக்கான வெண்கலம் சுற்றிய கம்பியைத் தவறிப்போய் மின் கித்தாரில் மாட்டினால், உள்ளே இருக்கும் எஃகு நரம்பு மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும். தடித்த கம்பிகள் சோர்ந்து ஒலிக்கும். பிரிக்பீல்ட்ஸில் வீணை பயிலும் பிள்ளைகள் காந்தப் பிக்கப் பொருத்தும்போதும் இதே சிக்கல் வரலாம். கீழ்ஸ்தாயிக் கம்பி பித்தளையாக இருந்தால், வாசிப்பவர் எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் அது பின்தங்கியே ஒலிக்கும். பிக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் மாணவனின் கம்பி உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிக்கல் பூசிய எஃகு. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது அந்த இரட்டைச் சுரம். காந்தம் கம்பியை உணர்வதோடு நிற்பதில்லை, இழுக்கவும் செய்கிறது. கம்பி ஆடும்போது மேலும் கீழுமாகவும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். காந்தத்தின் இழுப்பு மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் அதிகமாகத் தளர்த்துகிறது. ஆகவே ஒரே கம்பி ஒரு திசையில் ஓர் அதிர்வெண்ணிலும், மறு திசையில் சற்றே வேறான அதிர்வெண்ணிலும் ஆடத் தொடங்குகிறது. உதாரணத்துக்கு ஒன்று விநாடிக்கு 147, மற்றது 149 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் இரண்டு. விநாடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். இதை இயற்பியலில் விம்மல் என்கிறோம். கேட்பவருக்குக் கித்தார் தனக்குத்தானே சுருதி பேதமாகப் பாடுவது போலிருக்கும். எத்தனை தடவை சுருதி சேர்த்தாலும் போகாது. ஏனென்றால் தவறு சுருதியில் இல்லை.

செட்டப்புக்குப் பிறகு இது ஏன் வரவேண்டும்? விரலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியைத் தாழ்த்திக் கொடுக்கிறார்கள். கம்பி தாழ்ந்தால் காந்தத்தை நெருங்குகிறது. தூரம் பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கோடு நிற்காது, அதைவிடப் பல மடங்கு கூடும். கழுத்துப் பக்கத்து பிக்கப்பில்தான் தொல்லை அதிகம். அங்கே கம்பியின் ஆட்டம் பெரிது. மேல் ஃபிரெட்டை அழுத்தும்போது கம்பி இன்னும் கீழே இறங்கும்.

அளந்து பார்ப்பது சுலபம். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பகுதிக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த வகை ஒற்றைச்சுருள் பிக்கப்புகளுக்குத் தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். காந்தம் வலுவானதாக இருந்தால் 3 மில்லிமீட்டர்கூடத் தேவைப்படும். நுண்ணளவி வேண்டியதில்லை. நாம் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். இருபத்து நான்கு தாளை அடுக்கிச் சிறு துண்டாக வெட்டினால் அளவுகோல் தயார். எங்கள் கித்தாரில் பத்துத் தாள் போவதற்கே இடமில்லை. பிக்கப்பின் இரு முனையிலும் உள்ள திருகுகளை இடப்பக்கமாகத் திருப்பினால் பிக்கப் கீழே இறங்கும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வாசித்துக் கேட்டோம். அலைபாய்தல் நின்றது. ஒலி கொஞ்சம் குறைந்தது. அதற்கு ஆம்ப்ளிஃபையரில் ஒரு கோடு கூட்டிக்கொண்டால் போதும்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். பிக்கப்பை முதலில் சரிசெய்திருக்கக் கூடாது. கம்பியின் உயரத்தைத் தீர்மானிப்பது ட்ரெமலோ. அதைத் தொட்டவுடன் நாங்கள் அளந்த அளவெல்லாம் வீணாயிற்று.

முப்பத்தெட்டு கிலோவும் நாற்பத்தேழு கிலோவும்

பெயர்க் குழப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலியின் உரப்பு ஏறி இறங்குவதுதான் ட்ரெமலோ. சுருதி ஏறி இறங்கினால் அது விப்ராட்டோ. கித்தாரின் கைப்பிடி செய்வது இரண்டாவது வேலை. ஆனால் அதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டரை வெளியிட்டபோது ட்ரெமலோ என்றே பெயர் வைத்துவிட்டார். காப்புரிமையிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஃபெண்டர் வானொலி பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கியவர். கித்தார் வாசிக்கத் தெரியாது. தெரியாதவர் செய்த கருவியை உலகமே வாசிக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலான செய்தி.

அந்த அமைப்பு ஒரு சீசாப் பலகை. கம்பிகள் வந்து சேரும் பிரிட்ஜ் தகடு, தன் முன்விளிம்பில் உள்ள திருகுகளை அச்சாகக் கொண்டு சாய்ந்தாடும். மேல்பக்கம் ஆறு கம்பியும் தகட்டை முன்னோக்கி இழுக்கின்றன. கித்தாரின் முதுகுக் குழிக்குள் மூன்று முதல் ஐந்து வரை சுருள்வில்கள் அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. இரண்டும் சமமானால் தகடு அசையாமல் நிற்கும். சுருள்வில்களின் மறுமுனை நகம் போன்ற ஓர் உலோகத் தகட்டில் மாட்டப்பட்டிருக்கும். அந்த நகத்தகட்டை இரண்டு நீண்ட திருகுகள் மரத்தோடு பிணைக்கின்றன. இந்தத் திருகுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு காரியத்துக்கும் தேவைப்படும்.

அண்ணன் பயன்படுத்தியது 9 எண் கம்பி, அதாவது மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலம். கடையில் போட்டது 10 எண். 'ஒரு நம்பர்தானே டீச்சர்' என்றான் பையன். கணக்கைப் பார்ப்போம். நீளமும் சுருதியும் மாறாமல் இருந்தால், கம்பியின் இழுவிசை அதன் குறுக்குவெட்டுப் பரப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தை ஒன்பதால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.23. ஆக, அந்த ஒரு கம்பியில் மட்டும் இழுவிசை 23 விழுக்காடு கூடுகிறது. சுமார் 6 கிலோ எடை இழுப்பது போன்ற விசை 7.4 கிலோவாகிறது. ஆறு கம்பிக்கும் சேர்த்துக் கூட்டினால், 9 எண் தொகுதி ஏறக்குறைய 38 கிலோ, 10 எண் தொகுதி ஏறக்குறைய 47 கிலோ. சீசாவின் ஒரு பக்கத்தில் திடீரென்று ஒன்பது கிலோ ஏறி உட்கார்ந்தால் மறுபக்கம் என்ன ஆகும்?

பிரிட்ஜைப் பக்கவாட்டில் பார்த்தோம். பின்விளிம்பு உயர்ந்து, தகடு முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. கடையில் நகத்தகட்டுத் திருகுகளை இறுக்கியிருக்கிறார்கள், போதிய அளவு இறுக்கவில்லை. சாய்ந்த தகட்டால் கம்பி உயர்ந்துவிட, அதைச் சமாளிக்கக் கம்பிகளைத் தாங்கும் சேடல்களை ஒட்டத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, நகத்தகட்டின் இரண்டு திருகுகளையும் சமமாக, அரைச் சுற்று வீதம் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்த்தோம். சுருதி சேர்ப்பதும் ஒரே தடவையில் முடியாது. ஒரு கம்பியை ஏற்றினால் தகடு சாயும், மற்ற ஐந்தும் இறங்கும். நாலைந்து சுற்று வந்தபின்தான் அடங்கும். இது பழுதல்ல, சமநிலை தேடும் எந்த அமைப்புக்கும் உள்ள குணம். தகடு படிய வந்ததும் நான் முன்பு சொன்ன வினை வந்தது. கம்பிகள் ஃபிரெட்டில் உரசி 'ஜிர்' என்றன. காந்தத்துக்கு மறுபடியும் ஒட்டி வந்தன. சேடல்களை உயர்த்தி, காகித அடுக்கை எடுத்துப் பிக்கப் உயரத்தை மறுபடியும் அளந்தோம். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பிரிட்ஜின் சாய்வு, பிறகு கம்பியின் உயரம், கடைசியில் பிக்கப். நான் செய்தது தலைகீழ்.

தகட்டை எவ்வளவு படிய வைப்பது என்பதில் கித்தார்காரர்களிடையே பெரிய சச்சரவு உண்டு. தகட்டைக் காற்றில் மிதக்க விட்டால் சுருதியை மேலேயும் கீழேயும் ஆட்டலாம். மரத்தோடு ஒட்டி உட்கார வைத்தால் கீழே மட்டுமே ஆட்டலாம். தொடக்க நிலை மாணவருக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கட்சி. மிதக்கும் தகட்டில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஒரேயடியாகச் சுருதி ஏறிவிடும். மேடையில் அதற்கு மருந்தே இல்லை.

நம் இசைக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கமகத்துக்காக ஒரு கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து இழுக்கும்போது அதன் இழுவிசை கூடுகிறது. மிதக்கும் தகடு அந்த இழுப்புக்கு இணங்கி முன்னே சாயும். வளைத்த கம்பி எதிர்பார்த்த சுரத்தை எட்டாது. கூடவே ஒலிக்கும் மற்றக் கம்பிகள் இறங்கிப்போகும். ஆதார சட்ஜம் நகர்ந்துவிட்டால் ராகம் எங்கே நிற்பது? கர்நாடக இசையை மின் கருவிக்குக் கொண்டுவந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட மரபான மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி கொண்ட மின் மாண்டலினில் வாசித்தார். இரட்டைக் கம்பியை ஒன்றுபோல வளைப்பது கடினம், ஒற்றைக் கம்பியில் கமகம் படியும். மின் கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டாலும், விரலால் செய்யும் வேலைக்கு அந்தக் கைப்பிடி ஈடாகாது என்பது விளங்கும். கைப்பிடி ஆறு கம்பியையும் சேர்த்தே ஆட்டும். விரல் ஒன்றை மட்டும் ஆட்டும்.

2பி பென்சில்

தகடு படிந்த பிறகும் கைப்பிடியை அழுத்தி விட்டால் மூன்றாவது கம்பி சுருதிக்குத் திரும்பவில்லை. ஆனால் எப்படித் தவறுகிறது என்று கவனித்தோம். அது சுருதி ஏறி நின்றது. இந்தத் திசைதான் துப்பு.

கைப்பிடியை அழுத்தும்போது கம்பி தளர்கிறது. கழுத்தின் உச்சியில், கம்பிகள் வழியாகச் செல்லும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டு ஒன்று உண்டு. அதற்கு நட் என்று பெயர். நட்டுக்கு அப்பால், முறுக்காணிப் பக்கம் உள்ள சிறு பகுதியில் அந்நேரம் இழுவிசை அதிகம் இருப்பதால், கம்பி கொஞ்சம் அந்தப் பக்கம் நழுவிப்போகிறது. கைப்பிடியை விட்டதும் அது திரும்பி வர வேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். வாசிக்கும் பகுதியில் கம்பி குறைந்து, விசை கூடி, சுருதி ஏறி நிற்கும். 9 எண் கம்பிக்காக வெட்டிய பள்ளத்தில் 10 எண் கம்பி சிக்கிக்கொண்டால் நடப்பது இதுவே. சுருதி சேர்க்கும்போது நட்டில் 'டிங்' என்று ஒரு சிறு சத்தம் கேட்டால் அதுவும் அதே கதைதான். உறுதிசெய்ய, நட்டுக்கும் முறுக்காணிக்கும் இடையில் கம்பியை விரலால் மெல்ல ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி சட்டென்று மாறினால் குற்றவாளி நட்தான், ட்ரெமலோ அல்ல. மாறாக, கைப்பிடியை விட்டபின் சுருதி இறங்கி நின்றால், புதுக் கம்பி இன்னும் நீண்டு முடியவில்லை அல்லது முறுக்காணியில் சுற்று சரியாக இறுகவில்லை என்று சந்தேகிக்கலாம். பிரிட்ஜ் அச்சின் திருகுகளை யாராவது இறுக்கி முறுக்கியிருந்தால் தகடு சிக்கி, எந்தப் பக்கமும் தவறும். அந்தத் திருகுகள் தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

மருந்து எங்கள் மேசையிலேயே கிடந்தது. தேர்வுத்தாளில் வட்டத்தைக் கருமையாக்கப் பயன்படும் 2பி பென்சில். அதில் இருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பள்ளத்தில் பென்சில் முனையை நாலைந்து தடவை தேய்த்தோம். முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. மீதிக்குப் பள்ளத்தை அரம் கொண்டு அகலப்படுத்த வேண்டும். அதை நான் தொடவில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அதிகமாக அராவினாலும் நட் பாழ். அது கைதேர்ந்தவர் வேலை, நானூறு ரிங்கிட் வேலையும் அல்ல.

உறுமலும் ஒரு சிறு கம்பியும்

இனி உறுமல். மலேசியாவில் மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 50 சுழற்சி. சுவருக்குள் ஓடும் கம்பி, ஃபேன், விளக்கு எல்லாமே அந்த அதிர்வெண்ணில் தம்மைச் சுற்றிக் காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் பரப்புகின்றன. எட்டாயிரம் சுற்றுள்ள சுருளுக்கு எது கித்தார்க் கம்பி, எது சுவர்க் கம்பி என்று தெரியாது. ஒற்றைச்சுருள் பிக்கப் கொஞ்சம் உறுமத்தான் செய்யும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து, உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தார். ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில்கூட இப்போது பெரும்பாலும் நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி வைக்கிறார்கள். தேர்வுச் சுவிட்சை இரண்டாம், நான்காம் நிலைகளில் வைத்தால் உறுமல் அடங்கும். அடங்கினால் பிக்கப்புகள் நலம். காந்தப்புலத்தால் வரும் உறுமலுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. கித்தாரைப் பிடித்தபடி மெல்லச் சுழன்று நின்றால், ஒரு திசையில் குறையும், ஒரு திசையில் கூடும்.

எங்கள் கித்தாரின் உறுமல் எந்தத் திசையில் திரும்பினாலும் போகவில்லை, எந்தச் சுவிட்ச் நிலையிலும் அடங்கவில்லை. பையனிடம் கம்பிகளைத் தொடச் சொன்னேன். மாற்றமில்லை. கித்தாரில் கேபிள் செருகும் இடத்தின் உலோக வளையத்தைத் தொடச் சொன்னேன். உறுமல் பாதியாகக் குறைந்தது.

அங்கேயே விடை கிடைத்துவிட்டது. நம் உடலே ஓர் ஏரியல் போல அறையின் மின்புலத்தை வாங்கிக் கித்தாருக்குக் கடத்துகிறது. அதைத் தடுக்க, கித்தார்க் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் கம்பியைத் தொட்டவுடன் அவர் உடலும் எர்த் ஆகி, உறுமலை வாங்குவதற்குப் பதில் மறைக்கும் திரையாகிவிடும். கம்பியைத் தொட்டும் மாற்றமில்லை என்றால் அந்த இணைப்பு அறுந்திருக்கிறது. இந்த வகைக் கித்தாரில் அந்த இணைப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? முதுகுக் குழிக்குள், நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சுருள்வில் நகத்தகட்டில். ஒரே ஒரு கம்பி, ஒரு பொட்டு ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து கேபிளைக் கழற்றி, கித்தாரில் செருகிய முனை அப்படியே இருக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகியின் வெளி உலோகத்திலும் வைத்தோம். பூஜ்யம் ஓமுக்கு அருகில் காட்ட வேண்டிய இடத்தில் முடிவிலி காட்டியது. பின்மூடியைக் கழற்றினால், ஈயப்பொட்டு நகத்தகட்டிலிருந்து விட்டு, கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஒட்டு. திருகை இறுக்கி நகத்தகட்டை நகர்த்தியபோது விட்டிருக்க வேண்டும். ட்ரெமலோவைத் தொட்டதால் வந்த கோளாறு, பிக்கப் கோளாறாக வேடம் போட்டிருந்தது.

பிக்கப் உண்மையிலேயே உயிரோடிருக்கிறதா என்பதையும் அதே மல்டிமீட்டரால் பார்த்தோம். செருகியின் நுனிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில், ஒலிக்குமிழ் முழுதாகத் திறந்திருக்க, ஒற்றைச்சுருள் பிக்கப் 6 கிலோ ஓமை ஒட்டிக் காட்டும். இரண்டு சேர்ந்த நிலையில் அதில் பாதி. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் எங்கோ குறுக்குத் தொடர்பு. மூன்றும் ஒழுங்காகக் காட்டின. மீட்டர் இல்லாதவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிறு திருப்புளியின் எஃகு முனையால் காந்தத்தின் தலையை மெல்லத் தொடலாம். உயிருள்ள பிக்கப் 'டொக்' என்று பதில் சொல்லும்.

அறுந்த கம்பியை ஒட்டுவதில் சின்னத் திண்டாட்டம். நகத்தகடு கனமான உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகிறது. கூடத்தில் இருந்த மெல்லிய சோல்டர் கோலுக்கு அது மசியவில்லை. ஆர்.பி.டி. பட்டறையிலிருந்து பெரிய கோலை வாங்கி வந்து, தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே ஈயம் பிடித்தது. ஒட்டி முடித்து மறுபடி அளந்தோம்: 0.3 ஓம்.

உறுமலைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்தால் உறுமல் குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில சமயம் குறையவும் செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். கித்தார்க் கம்பி ஆம்ப்ளிஃபையரின் உடலோடு இணைந்தது என்று பார்த்தோம். எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் கம்பி வழியாக வாசிப்பவரின் விரலில் வந்து காத்திருக்கும். மறு கையோ உதடோ மைக்கைத் தொடும்போது உடல் வழியே பாயும். 1972 மே மாதம் ஸ்வான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கித்தார் கலைஞர் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத மின் கித்தாரோடு இருந்தபோது மின்சாரம் தாக்கி மாண்டார். ஜெனரேட்டர் வைத்து, நீட்டிப்புக் கம்பி மேல் நீட்டிப்புக் கம்பி இழுத்து, மழை ஈரத்தில் திடலில் மேடை போடும் நம் ஊர்த் திருவிழாக்களில் இது ஏட்டுச் செய்தி அல்ல. மைக்கைத் தொடும்போது உதட்டில் சுருக்கென்றால் வாசிப்பை நிறுத்திவிட்டு மின் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபையரின் உட்பகுதியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இன்னொரு கோளாறு எங்களுக்கு வரவில்லை, ஆனால் பிக்கப்பை மாற்றியவர்களுக்கு அடிக்கடி வருவது. இரண்டு பிக்கப் சேர்ந்த நிலையில் அடிநாதம் முழுக்கக் காணாமல்போய், தகர டப்பா போல ஒலித்தால், ஒன்றின் இணைப்புக் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. ஒன்றில் இரு கம்பிகளையும் மாற்றி ஒட்டினால் சரியாகும். தலைகீழ்ச் சுற்று உள்ளதா என்று அறியப் பள்ளித் திசைகாட்டி போதும். நடு பிக்கப்பின் மேல் அது எதிர்த்திசையைக் காட்டினால் உண்டு. பார்த்த பிறகு திசைகாட்டியைத் தூரமாக எடுத்து வைத்துவிடுங்கள். அல்நிக்கோவின் அருகிலேயே கிடந்தால் அடுத்த ஆண்டு மாணவருக்கு அது வடக்கைத் தெற்கு என்று காட்டும்.

மொத்தச் செலவு நட் பள்ளத்துக்கு இருபத்தைந்து ரிங்கிட். அதைப் பையன் வேறொரு கடையில் அராவி வாங்கி வந்தான். ஆசிரியர் தினத்தன்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது சன்னமாக ஓர் உறுமல் இன்னும் கேட்டது. மேடை விளக்கின் வெளிச்சக் கட்டுப்பாட்டுக் குமிழைப் பாதியில் வைத்திருந்தார்கள். முழு வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னான். அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுவிட்சை நான்காம் நிலைக்குத் தள்ளிவிட்டு, வாசிக்க ஆரம்பித்தான்.